மலையிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு: நீலகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், மஞ்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவன் என்பதால் ஊரில் கேட்பவர்களுக்கு உட்கார்ந்து சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. சொல்வதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்தால் இன்னும் பலருக்குப் பயன்படும். ஜெர்மனியைப் பற்றிக் கூடுதலாகவும் மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகவும் இருக்கும். தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பம் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். அதற்குப் போக வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஒரு வருடம் அதிகம் போலத் தோன்றும். மலையில் இருப்பவர்களுக்கு அது அளவாகத்தான் இருக்கும். எந்தக் காகிதத்துக்கும் கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டும், சிலவற்றுக்குச் சென்னை வரை போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் எந்த நாள் மண் சரியும் என்று யாரும் சொல்ல முடியாது. தேர்வோ நேர்காணலோ இருந்தால் முந்தைய நாளே கீழே இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

முதலில் இலைக் கணக்கு

பல்கலைக்கழகப் பட்டியலைத் திறக்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

நம் வீடுகளில் பாதிக்கு மேல் பச்சைத் தேயிலையை நம்பி இருப்பவை. கிலோ 12 ரூபாய்க்கு இறங்கிய மாதங்களையும் பார்த்திருக்கிறோம், 20 ரூபாயைத் தாண்டியதையும் பார்த்திருக்கிறோம். பிள்ளையை அனுப்பும் ஆசையில் நல்ல மாதத்து விலையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஏக்கருக்கு வருடம் எத்தனை கிலோ கிடைக்கிறது என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதை 12 ரூபாயால் பெருக்குங்கள். பறிக்கூலி, உரம், மருந்து, கவாத்துச் செலவைக் கழியுங்கள். வீட்டுச் செலவையும் கழியுங்கள். மீதி நிற்பதுதான் உங்கள் படிப்புக்குக் குடும்பத்தால் தர முடிந்த பணம். பல வீடுகளில் எதுவுமே நிற்காது. அதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் கடனையும் உதவித்தொகையையும் நம்பித் திட்டமிடுவீர்கள். தெரியாமல் கிளம்பினால் இரண்டாம் வருடம் அம்மாவின் நகை அடகுக்குப் போகும்.

அடுத்து கடன் தவணை. 20 லட்சம் ரூபாய்க் கடன், வட்டி 10.5 சதவீதம், பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை கிட்டத்தட்ட 27 ஆயிரம் வரும். ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையையும் ஆரம்பத்திலேயே எடுத்து, மூன்று வருடம் எதுவும் கட்டாமல் விட்டால் தனிவட்டியே 6.3 லட்சம். அதையும் அசலோடு சேர்த்துத் தவணை போட்டால் மாதம் 35 ஆயிரத்துக்கு மேல் போகும். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினால் இந்த 35 ஆயிரத்தை யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு வீட்டில் ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலோடுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எந்த நாடு, எந்தப் படிப்பு

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. விதிவிலக்கும் இருக்கிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு கதை. அங்கே வருடத்துக்குப் பல லட்சம் போகும்.

கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கு என்ற தனி வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்டினால்தான் விசா. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 12 லட்சம். அந்தப் பணம் அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். இரண்டாம் வருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடி பணம் காட்டச் சொல்வார்கள். ஊரில் இந்த இரண்டாம் வருடத்தைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பிரிட்டனில் முதுகலை ஒரு வருடம். சீக்கிரம் முடியும், ஆனால் கட்டணம் பெரியது, சுகாதாரக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண்டு தனி. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கனடாவில் வாரம் 24 மணி நேரம். கனடாவுக்கு விசா சீக்கிரம் கிடைக்க உதவிய எஸ்டிஎஸ் வழி 2024 நவம்பர் 8-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்க்கும் என்பதால் பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்கள் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் படிப்புக்கு விதியே வேறு. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்துவிட்டு இங்கே மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் நீட் தேர்ச்சி கட்டாயம். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே நாட்டில் 12 மாதப் பயிற்சியோடு முடிந்திருக்க வேண்டும். ‘நீட் வேண்டாம், மலிவு, ஐந்து வருடத்தில் டாக்டர்’ என்று யாராவது வீட்டுக்கு வந்து பேசினால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கன்சல்டன்சி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் பணமே வாங்காத கன்சல்டன்சிக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. கமிஷன் தராத அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர் அவர்கள் வாயில் எளிதில் வராது. வழி கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அசல் சான்றிதழ்களை எவரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பெயரும் பாஸ்போர்ட்டும்

நம் மாவட்டத்துக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் கோயம்புத்தூர். கொடைக்கானல் பக்கத்தார் மதுரைக்குப் போக வேண்டும். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்காலுக்கு இன்னும் 2,000 ரூபாய். இதில் கஷ்டம் எதுவும் இல்லை. கஷ்டமெல்லாம் பெயரில்தான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘பி. ராஜேஷ்’ என்று இருக்கும். ஆதாரில் ‘ராஜேஷ் பெள்ளி’. அப்பாவின் ஆதாரில் அதே பெள்ளிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல், பட்டாவில் ஓர் எழுத்து குறைவு. போஜன், ஹாலன், லிங்கன் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறோம். ஊருக்குள் இதனால் ஒரு தொந்தரவும் வராது. விசா அதிகாரிக்கு அது இரண்டு வேறு மனிதர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாலும் பின்னால் விசாவிலும் வங்கியிலும் சிக்கல் வரும். எனவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, அதே எழுத்துகளை ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு, அப்பாவின் ஆதார் வரை ஒன்றாக்குங்கள். பாஸ்போர்ட்டுக்கு முன்பே இதை முடித்துவிட்டால் பின்னால் எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

சான்றிதழ், மதிப்பெண், தேர்வு

ஊட்டி அரசுக் கல்லூரியில் படித்தவர்கள் பாரதியார் பல்கலைக்கழகத்திலும், பொறியியல் படித்தவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்திலும் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் முழு மதிப்பெண் தொகுப்பை வாங்க வேண்டும். கூடுதலாகச் சில பிரதிகளை முத்திரையிட்ட உறையில் வாங்கிவையுங்கள். ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களைக் கல்லூரி முடியும் முன்பே கேட்டுவிடுங்கள். அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது கடினம்.

ஜெர்மனிக்குப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். உங்கள் பட்டமும் மதிப்பெண்களும் உண்மை என்று சரிபார்த்துத் தருவது அது. கட்டணம் 18,000 ரூபாய். வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் வேலையாக இதற்குப் போடுங்கள்.

உங்கள் மதிப்பெண் ஜெர்மனியில் என்னவாக மாறும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். அங்கே 1 என்பது சிறந்தது, 4 என்பது வெறும் தேர்ச்சி. அதிக மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிக மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு எட்டு வாங்கியிருக்கிறீர்கள், தேர்ச்சி ஐந்து என்றால் 2.2 வரும். பத்துக்கு ஏழரை என்றால் 2.5. நிறையப் படிப்புகள் 2.5-க்குள் இருப்பவர்களையே பார்க்கும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்க வழியில்லாத இடங்களுக்குக் கட்டணம் கட்டி ஏமாற வேண்டாம். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. கடைசித் தேதி பல இடங்களில் ஜூலை 15. வெளிநாட்டவருக்கு அதற்கு முன்பே முடித்துவிடும் படிப்புகளும் உண்டு.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் பேசும் பகுதியில்தான். ஊரில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை என்றால் இருவராகச் சேர்ந்து தினமும் அரைமணி நேரம் போனிலாவது பேசுங்கள். ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலை வரை இங்கேயே படித்துவிட்டுப் போங்கள். அறை தேடவும் பகுதிநேர வேலை தேடவும் அதன் அருமை தெரியும்.

கடனும் உதவித்தொகையும்

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் சொத்து ஈடு. நம் மலையில் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், நிலம் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஈடு வைக்க முடியும். பங்காளிகளிடம் கடைசி மாதத்தில் போய் நின்றால் மனஸ்தாபம் வரும். ஒரு வருடம் முன்பே அப்பாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள், முடிந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் 1969-ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உள்ள நிலங்களுக்குப் பட்டா இல்லை. தலைமுறையாக உழுதாலும் வங்கிக்கு அது சொத்து ஆகாது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடும் நிலமும் கழகத்துடையது. இவர்களுக்கெல்லாம் உதவித்தொகையே முதல் வழி. ஈடில்லாமல் கடன் தரும் தனியார் நிதி நிறுவனங்கள் இருக்கின்றன, வட்டி கூடுதல். கையெழுத்துப் போடும் முன் மேலே சொன்ன தவணைக் கணக்கை அவர்கள் வட்டியில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

வருமானத்துக்கு என்ன காட்டுவது என்று கேட்பார்கள். இலை ஊற்றும் தொழிற்சாலையிலிருந்து அப்பாவின் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வரும் பணமே நல்ல ஆதாரம். அந்தப் பாஸ்புக், இ-சேவை வழியாக வாங்கும் வருமானச் சான்று, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அது, எல்லாம் சேர்த்து வையுங்கள். இலையை ரொக்கத்துக்கு ஏஜெண்டிடம் கொடுக்கும் வீடுகள் குறைந்தது ஒரு வருடமாவது வங்கி வழியாக வாங்கப் பாருங்கள். கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பதில்லை.

உதவித்தொகையில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது, பலருக்கு அது தெரியவில்லை. பழங்குடியினர் விவகார அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வருடத்துக்கு 20 பேருக்கு. அதில் மூன்று இடம் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ள ஆறு சமூகங்களும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், நீலகிரியில் வாழ்பவர்கள். அந்த மூன்று இடங்களுக்கு நம் மாவட்டத்திலிருந்து வருடா வருடம் விண்ணப்பம் போக வேண்டும். பட்டம் முடித்த பழங்குடிப் பிள்ளை எவரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டுங்கள். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தனியாக இருக்கிறது, வருடம் 125 இடத்தில் 115 அவர்களுக்கு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்தவை ஜெர்மனியின் டாட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், பிரிட்டனின் செவ்னிங். செவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும்.

விசாவும் பயணமும்

ஜெர்மனி விசா வேலை நமக்குச் சென்னையில். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. பிரிட்டனுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பார்கள். காசநோய்ப் பரிசோதனையும் அவர்கள் அனுமதித்த மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். விசா கையில் வராமல் திருப்பித்தராத டிக்கெட் எடுக்காதீர்கள்.

கூடலூர்க்காரர்கள் பெங்களூருவில் விமானம் ஏறினால் ஒன்றை நினைவில் வையுங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அதிகாலை விமானம் என்றால் முந்தைய மாலையே காட்டைக் கடந்திருக்க வேண்டும்.

பெட்டியில் என்ன வைப்பது? ஊட்டியில் வாங்கும் ஸ்வெட்டர்கள் இரண்டு போதும். அங்கே கட்டடத்துக்குள் சூடாக இருக்கும், வெளியேதான் காற்றும் மழையும். காற்று புகாத, நனையாத மேலங்கியை அங்கே போய் வாங்குங்கள், செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைக்கும். ஐரோப்பாவுக்கு நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோகக் கூடாது. பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து எடுத்துவர அங்கே தடை. வர்க்கி போகலாம். வீட்டில் அரைத்த மசாலாப்பொடி, டீத்தூள், சின்ன குக்கர், எப்போதும் சாப்பிடும் மருந்துகள் மருத்துவர் சீட்டோடு. ஆஸ்திரேலியாவுக்கு என்றால் எந்த உணவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள், அபராதம் பெரியது.

இந்திய சிம் கார்டை அணைத்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். ரோமிங் போட்டு, குறைந்த ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள்.

போய் இறங்கிய முதல் வாரங்கள்

ஜெர்மனியில் அறை கிடைப்பது விசா கிடைப்பதை விடக் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம். ‘நான் இப்போது வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று எவராவது எழுதினால் அது மோசடி. அறையைக் கண்ணால் பார்க்காமல், அல்லது அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் போய்ப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். சட்டப்படி வைப்புத்தொகை மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்க முடியாது.

அறை கிடைத்து இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் அடுத்து எதுவும் நகராது. முடக்கப்பட்ட கணக்கிலிருந்து வரும் 992 யூரோவில் மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் 150 யூரோ அளவுக்குப் போகும், 30 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சலுகைக் கட்டணம் இல்லை. வாடகை ஊருக்கு ஊர் மாறும். மியூனிக்கில் ஒருவர் அறைக்குக் கொடுப்பதில் கிழக்கு ஜெர்மனியின் சிறு நகரத்தில் அறையும் சாப்பாடும் முடிந்துவிடும். பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பாருங்கள். தங்கும் அனுமதிக்கான வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்க மாதங்கள் ஆகும். விசா முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, வெகு முன்னதாகவே மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

முதல் குளிர்காலம்

‘உங்களுக்கென்ன, ஊட்டிக்காரர்கள், குளிர் பழக்கம்தானே’ என்று எல்லோரும் சொல்வார்கள். குளிர் உண்மையிலேயே நம்மை ஒன்றும் செய்யாது. தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உறைபனி படிந்த காலையில் பள்ளிக்கு நடந்தவர்கள் நாம். நம்மை அசைப்பது இருட்டு. நம் ஊரில் எவ்வளவு பனி விழுந்தாலும் ஒன்பது மணிக்கு வெயில் வந்து முதுகில் அடிக்கும். டிசம்பர் கடைசியில் பெர்லினில் காலை எட்டே காலுக்கு விடிந்து, மாலை நான்குக்கு முன்பே இருட்டிவிடும். நடுவிலும் பல நாள் சூரியன் தெரியாது. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. அறைக்குப் போனால் பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்றே தெரியாது.

நவம்பர் நடுவில் தூக்கம் தவறும், சாப்பாடு பிடிக்காது, வகுப்புக்குப் போகத் தோன்றாது. கோழைத்தனம் என்று நினைத்து உள்ளுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கேயே பிறந்தவர்களுக்கும் வருவது இது. பகலில் அரைமணி நேரமாவது வெளியே நடங்கள், மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது யாருடனாவது சேர்ந்து சமையுங்கள். ஜெர்மனியில் மாணவர் நல அமைப்பான ஸ்டூடியரென்டென்வெர்க்கில் மனநல ஆலோசனை பெரும்பாலும் இலவசம். ஆங்கிலத்தில் பேசக்கூடியவர்களும் இருப்பார்கள். நேரம் கிடைக்க வாரங்கள் ஆகலாம் என்பதால் முற்றும்வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே அந்த அலுவலகம் எங்கே என்று பார்த்து வையுங்கள்.

இதே குளிர்காலத்தில் நல்லதும் நடக்கும். பேராசிரியரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும், அவர் சொன்னதை வகுப்பிலேயே மறுத்துப் பேசுவதும் முதலில் கூச்சமாக இருக்கும். எதற்கும் கையைக் கட்டி நின்று பழகிய ஒரு பிள்ளை தன் கேள்வியோடு எழுந்து நிற்க, அவர் ‘எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லும் நாள் வரும். நூலகம் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆய்வகத்தில் நம் கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்த கருவியை உங்கள் கையில் கொடுத்து ‘ஓட்டிப் பார்’ என்பார்கள். இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு என்பதற்கு எனக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

வேலையும் தேர்வும்

ஜெர்மனியில் மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. கேட்க நன்றாக இருக்கும். முதல் பருவத்தில் வேலையைத் தேடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கினால் தேர்வு போய்விடும். பல பாடங்களில் மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவது முறையும் தவறினால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்குவார்கள், அதே படிப்பை நாட்டில் வேறெங்கும் தொடர்வதும் முடியாமல் போகலாம். அரியர் வைத்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. தயாராக இல்லை என்றால் கடைசித் தேதிக்குள் தேர்வுப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். பிறர் எழுத்தை மேற்கோள் காட்டாமல் எடுத்து எழுதுவதும் அங்கே பெரிய குற்றம்.

இரண்டாம் பருவத்திலிருந்து துறையிலேயே உதவியாளர் வேலை கேளுங்கள். கூலி சற்றே குறைவாக இருந்தாலும் பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதுதான் பேசும்.

ஊரில் ஒன்று நடக்கும்போது

இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் போகும் முன் வீட்டில் பேசிவிட வேண்டிய விஷயம். நீங்கள் அங்கே இருக்கும்போது தாத்தாவோ பாட்டியோ தவறிப்போகலாம். நம் ஹட்டிகளில் சாவு என்றால் பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடுவார்கள். நீங்கள் சேதி கேட்டு, டிக்கெட் எடுத்து, விமானம் மாறி, மலை ஏறி வீடு வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். எதற்கு வருவது, எதற்கு வரவேண்டாம், காத்திருப்பார்களா மாட்டார்களா என்று அப்பா அம்மாவோடு முன்கூட்டியே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அவசர டிக்கெட்டுக்கு ஒரு தொகையைத் தொடாமல் தனியே வையுங்கள். வர முடியாமல் போனால் அன்று தனியாக அறையில் இருக்காதீர்கள், நண்பர் ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பேராசிரியருக்கு எழுதினால் ஒப்படைப்புத் தேதியைத் தள்ளிக் கொடுப்பார்கள்.

வீட்டார் உங்களிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். ‘பிள்ளை படிப்பு கெட்டுப்போகும்’ என்று அம்மாவின் ஆபரேஷனை மூன்று மாதம் மறைப்பார்கள். பிறகு எந்த போன் வந்தாலும் எதையோ மறைக்கிறார்கள் என்றே தோன்றும். நீங்களும் மார்க் குறைந்ததை, பணம் தீர்ந்ததை மறைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் நீலகிரியில் நிலச்சரிவு என்று செய்தி வரும், வீட்டுக்கு போன் போகாது. 2009 நவம்பர் சரிவுகளையும் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழையையும் பார்த்த நமக்கு அந்த நேரத்துப் பதைப்பு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், ஊரில் வேறு நெட்வொர்க் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், இந்த இருவர் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். பேசும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துங்கள். ஜெர்மனி நேரம் குளிர்காலத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. இலை பறித்துவிட்டு வந்து அசந்து தூங்கும் அம்மாவை ராத்திரி பதினொன்றுக்கு எழுப்ப வேண்டாம். ஞாயிறு மதியம் நல்ல நேரம்.

ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணியில் ஊரே வெள்ளை உடுத்தி நிற்கும்போது உங்களுக்கு வகுப்பு இருக்கும், அடுத்த மாதம் தேர்வு. அந்த வாரம் மனம் படிப்பில் நிற்காது. முக்கியமான ஒப்படைப்பு எதையும் அந்த வாரத்துக்குத் தள்ளி வைக்காதீர்கள்.

படிப்பு முடியும் தருவாயில்

ஜெர்மனியில் பட்டம் முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாத அனுமதி உண்டு. அமெரிக்காவில் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம், அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம். பிரிட்டனில் இரண்டு வருடமாக இருந்த அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். இந்தக் காலம் ஆய்வேடு கொடுத்தபின் தொடங்கும் என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல், ஆய்வேடு எழுதும்போதே விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்குங்கள். ஜெர்மன் மொழியில் ஏ2-வுக்கு அடுத்த பி1 நிலை வந்திருந்தால் சிறு நகரத்து நிறுவனங்களிலும் கதவு திறக்கும்.

கடன் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தொடங்கும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் தேதி வரும். வருவதற்கு மூன்று மாதம் முன்பே வங்கி மேலாளரிடம் அப்பாவை அனுப்பிப் பேசச் சொல்லுங்கள், அவகாசம் கேட்க வேண்டுமென்றால் தவணை தவறும் முன் எழுத்தில் கேட்க வேண்டும். ஊர் திரும்பும் முடிவெடுத்தால் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இரண்டின் அசலையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையோடு வாங்குங்கள். முகவரிப் பதிவை ரத்து செய்து, காப்பீட்டையும் வங்கிக் கணக்கையும் முடித்து, அறை வைப்புத்தொகை எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.